டயரை மாற்றும் கை

கத்திரிக்காய் வாங்கும்போது காம்பைத் திருப்பிப் பார்க்காத குடும்பத் தலைவி நம்மில் உண்டோ? வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்க்கிறோம். தேங்காயைக் காதருகே ஆட்டிப் பார்க்கிறோம். புடவைக் கடையில் முந்தானையை வாசல் வெளிச்சத்துக்கே கொண்டுபோய்ச் சரிகையை உற்றுப் பார்க்கிறோம். நகைக் கடைக்காரர் மூன்று தலைமுறையாகத் தெரிந்தவராகவே இருக்கட்டும். தராசில் எடை நின்றதை நம் கண்ணால் பார்த்த பிறகுதான் மனசு சமாதானமாகிறது.

இத்தனை கெட்டிக்காரிகளான நாம், ஸ்கூட்டருக்குப் புது டயர் போட வேண்டும் என்றால் மட்டும் என்ன செய்கிறோம்? வண்டி வாங்கிய டீலரின் வர்க்‌ஷாப் வாசலில் போய் நிற்கிறோம். சாவியைக் கொடுக்கிறோம். குளுகுளு அறையில் உட்காருகிறோம். டீ வருகிறது, டெலிவிஷன் ஓடுகிறது. கொஞ்ச நேரத்தில் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். பணத்தைக் கட்டிவிட்டு, குழந்தையைப் பின்னால் ஏற்றிக்கொண்டு புறப்பட்டுவிடுகிறோம். டயரை மாற்றியவர் யார், எப்படி மாற்றினார், எதையாவது முடுக்க மறந்தாரா என்ற கேள்விகள் நமக்குத் தோன்றுவதே இல்லை.

இதற்குக் காரணம் இரண்டு. வாசலில் மாட்டியிருக்கும் பெரிய போர்டு ஒன்று. "இதெல்லாம் ஆண்கள் சமாசாரம்" என்று நாமே ஒதுங்கிக்கொள்வது இன்னொன்று. இரண்டாவது காரணத்துக்கு இப்போது அர்த்தமே இல்லை. பள்ளிக்கூடத்துக்கும் ஆபீசுக்கும் காய்கறி மார்க்கெட்டுக்கும் வண்டி ஓட்டுகிறவர்கள் நாம்தானே? முதல் காரணத்தை மட்டும் கொஞ்சம் நிதானமாக ஆராய்ந்து பார்ப்போம்.

உள்ளங்கை அளவு தரை

ஸ்கூட்டர் டயர் ஒன்று தரையைத் தொடும் இடம் எவ்வளவு என்று என்றாவது யோசித்ததுண்டா? நம் உள்ளங்கை அளவுகூட இராது. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. ஆக, இரண்டு உள்ளங்கைகளின் மேல்தான் நாம், குழந்தை, புத்தக மூட்டை, அரிசிப் பை எல்லாம் பிரயாணம் செய்கிறோம். காரில் ஒரு சக்கரம் காற்றுப் போனாலும் மற்ற மூன்று தாங்கிக்கொள்ளும். இரு சக்கர வண்டியில் முன் டயர் திடீரென்று காற்றிறங்கினால், வண்டியைச் சமாளித்து நிறுத்துவது அனுபவசாலிகளுக்கே கஷ்டம்.

ஆகவே டயர் மாற்றுவதை விளக்குக்குப் பல்பு மாற்றுவது போல நினைத்துவிடக் கூடாது. பல்பு எரியாவிட்டால் உடனே தெரிந்துவிடும். அரைகுறையாக மாட்டிய சக்கரமோ கடை வாசலில் சமர்த்தாக உருளும். பத்தாம் நாள் பாலத்தின் மேல்தான் தன் குணத்தைக் காட்டும்.

மூன்று மணி நேர வேலை

காற்றடைத்த டயரைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் ஜான் பாய்ட் டன்லப். பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை வைத்தியராக இருந்தவர். தம் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காக அவர் செய்து பார்த்த ஏற்பாட்டுக்கு 1888-ல் காப்புரிமை பெற்றார். அந்தக் காலத்து டயரைச் சக்கரத்தோடு சேர்த்து ஒட்டிவிடுவார்கள். பஞ்சரானால் பெரும் பாடு.

1889-ல் பிரான்சு தேசத்தில் கிளெர்மோன்-ஃபெரான் என்ற ஊரில் ரப்பர் தொழிற்சாலை வைத்திருந்த மிஷ்லின் சகோதரர்களிடம், இப்படிப் பஞ்சரான ஒரு சைக்கிள் வந்து சேர்ந்தது. டயரைப் பிரித்து ஒட்டவே மூன்று மணி நேரம் பிடித்தது. பசை காய்வதற்கு ஓர் இரவு முழுவதும் காத்திருக்க வேண்டியிருந்தது. "கழற்றி மாட்டக் கூடிய டயர் இருந்தால் என்ன?" என்ற யோசனை அவர்களுக்கு அப்போது உதித்தது. 1891-ல் அதற்குக் காப்புரிமை வாங்கினார்கள். அதே வருஷம் பாரிஸிலிருந்து பிரெஸ்ட் வரை போய்த் திரும்பும் நீண்ட சைக்கிள் பந்தயத்தில், அந்த டயரைப் போட்டுக்கொண்டு ஓட்டிய சார்ல் தெரோன் முதலாவதாக வந்தார்.

நம் சென்னைக்கும் டயர் சரித்திரத்தில் பங்கு உண்டு. 1946-ல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் விளையாட்டுப் பலூன் செய்யத் தொடங்கிய கே. எம். மாம்மன் மாப்பிள்ளையின் முயற்சிதான் பிற்பாடு மெட்ராஸ் ரப்பர் ஃபாக்டரி என்ற பெரிய டயர் கம்பெனியாக வளர்ந்தது. 1955-ல் ஏற்பட்ட என்ஃபீல்டு இந்தியா கம்பெனியின் மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை எழும்பியதும் அதே திருவொற்றியூரில்தான்.

ஆனால் எவ்வளவு பெரிய தொழிற்சாலையில் பிறந்த டயரானாலும் சரி, கடைசியில் ஒரு தனி மனிதரின் கையால்தான் சக்கரத்தில் ஏறுகிறது. வாசலில் உள்ள போர்டு டயரை மாற்றுவதில்லை. உள்ளே ஒரு கை மாற்றுகிறது. நாம் தெரிந்துகொள்ள வேண்டியது அந்தக் கையைப் பற்றித்தான்.

சுவருக்கு அப்பால்

உள்ளே என்னதான் நடக்கிறது? முதலில் சக்கரத்தைக் கழற்ற வேண்டும். கியரில்லாத பல ஸ்கூட்டர்களில் பின் சக்கரத்தை எடுப்பதற்கு முன் சைலன்ஸரை அவிழ்த்தாக வேண்டும். மோட்டார் சைக்கிள் என்றால் செயினைத் தளர்த்தி, பிரேக் இணைப்புகளைப் பிரித்து, அச்சை உருவ வேண்டும். பிறகு பழைய டயரின் விளிம்பை ரிம்மிலிருந்து பெயர்த்து எடுப்பார்கள். வசதியுள்ள கடையில் இதற்கு மெஷின் உண்டு. இல்லாத கடையில் டயர் லீவர் என்ற தட்டையான இரும்புக் கம்பிகளும் கைப் பலமும்தான். புது டயருக்குச் சோப்புத் தண்ணீர் தடவி, ரிம்முக்குள் இறக்கி, காற்றடித்து விளிம்பு முழுவதும் சமமாக உட்கார்ந்ததா என்று பார்த்து, கழற்றியதை எல்லாம் வரிசையாக மாட்ட வேண்டும்.

நன்றாகப் பழகியவருக்குப் பெரிய வேலை இல்லை. ஆனால் ஒவ்வொரு படியிலும் ஒரு சறுக்கல் ஒளிந்திருக்கிறது. லீவரின் முனையில் ட்யூப் அகப்பட்டால் கிள்ளப்பட்டுவிடும். டயரின் பக்கவாட்டில் சுழலும் திசையைக் காட்டும் அம்புக் குறி இருந்து, அதைக் கவனிக்காமல் போட்டால் டயர் தலைகீழாக ஓடும். அச்சில் கோத்திருக்கும் சிறு புஷ் ஒன்று தரையிலேயே தங்கிவிட்டால் சக்கரம் ஆட ஆரம்பிக்கும். அச்சின் நட்டைத் தேவைக்குக் குறைவாக முடுக்கினாலும் ஆபத்து. பலங்கொண்ட மட்டும் முடுக்கினாலும் கெடுதல். பிரேக் தட்டைத் திரும்பாமல் பிடித்து நிறுத்தும் கம்பியின் நட்டு மறந்துபோனால் விளைவைச் சொல்லவே வேண்டாம்.

எனக்குத் தெரிந்த பள்ளி ஆசிரியை ஒருவருடைய மொபெட்டுக்கு ஒரு டீலர் கடையில் புது டயரும் புது ட்யூபும் போட்டார்கள். மூன்றாம் நாள் காலையில் பள்ளிக்குப் போகும் வழியில் பின் சக்கரம் தட்டையாகிவிட்டது. மெதுவாகப் போனதால் விழவில்லை. தெருமுனைப் பஞ்சர் கடைக்காரர் ட்யூபை வெளியே எடுத்துத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் காட்டினார். ஆணியும் இல்லை, முள்ளும் இல்லை. ரிம்மை ஒட்டியிருந்த பக்கத்தில், நகத்தால் கிள்ளினாற்போல ஒரு சின்னக் கீறல். லீவர் பட்ட இடம் நாளாவட்டத்தில் விட்டுக்கொடுத்திருக்கிறது.

டீலரிடம் போனால், ரோட்டில் ஏதாவது குத்தியிருக்கும் என்று சொன்னார்கள். அம்மையார் பைக்குள்ளிருந்து அந்த ட்யூபை எடுத்து மேஜைமேல் வைத்து, கீறல் இருந்த பக்கத்தைக் காட்டினார். மறு பேச்சில்லாமல் புது ட்யூப் போட்டுக் கொடுத்தார்கள். கணக்கு டீச்சராயிற்றே, ஆதாரமில்லாமல் போவாரா?

டீலரா, தெருமுனையா?

இதைக் கேட்டு, "அப்படியானால் டீலர் கடைக்கே போகக் கூடாதோ?" என்று தீர்மானித்துவிடாதீர்கள். டீலரிடம் உள்ள அனுகூலங்கள் அநேகம். உங்கள் வண்டிக்கு எந்த நட்டை எவ்வளவு முடுக்க வேண்டும் என்ற அளவு அவர்களுடைய புத்தகத்தில் இருக்கிறது. அந்த அளவு வந்ததும் 'க்ளிக்' என்று சொல்லும் டார்க் ரெஞ்ச் என்ற கருவி இருக்கிறது. சரியான புஷ், பின், வாஷர் கிடைக்கும். கையில் ரசீது இருக்கும். தவறு நேர்ந்தால் போய்க் கேட்பதற்கு ஒரு மேஜையும், மேஜைக்குப் பின்னால் ஓர் ஆளும் இருப்பார்கள்.

ஆனால் அந்த ரெஞ்ச் சுவரில் தொங்குகிறதா, கைக்கு வருகிறதா என்பதைப் போர்டு சொல்லாது. கூட்டம் நெரியும் சனிக்கிழமை பிற்பகலில் உங்கள் வண்டி தேர்ந்த மெக்கானிக்கிடம் போயிற்றா, வேலை பழகவந்த பையனிடம் போயிற்றா என்பதையும் சொல்லாது. சில டீலர் கடைகளில் டயர் மாற்றும் மெஷினே கிடையாது. சக்கரத்தைக் கழற்றி, பக்கத்துத் தெரு டயர் கடைக்கு அனுப்பி, மாற்றி வந்ததும் மாட்டிவிடுவார்கள். நீங்கள் நம்பியது ஒரு கையை. வேலை செய்தது வேறொரு கை.

தெருமுனைக் கடைக்காரரிடம் மெஷின் இராது. குளுகுளு அறையும் இராது. ஆனால் அவர் செய்வதெல்லாம் நம் கண்ணெதிரே. தினமும் பல டயர்களைப் பிரித்துப் பழகிய கை அது. ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு பக்கம் உதிரிப் பாகம் வாங்கப் போகிறவர்களுக்கு இப்படிப்பட்ட கைகாரர்களைத் தெரியும். அவரிடம் குறை, நட்டை முடுக்குவதில் கைக்கணக்குத்தான். அலாய் ரிம்மை இரும்பு லீவரால் கீறிவிடுகிற அபாயமும் உண்டு.

அப்படியானால் யாரை நம்புவது? எந்தக் கடை நீங்கள் பார்க்கச் சம்மதிக்கிறதோ, எந்தக் கடை கேட்ட கேள்விக்கு முகம் சுளிக்காமல் பதில் சொல்கிறதோ, அந்தக் கடையை நம்பலாம். வர்க்‌ஷாப்புக்குள் வெளியார் நுழையக் கூடாது என்பதில் நியாயம் இருக்கிறது. அங்கே மெஷின்கள் ஓடுகின்றன. கண்ணாடி ஜன்னல் வழியாகப் பார்க்கலாமா என்று கேளுங்கள். அதுவும் இல்லையென்றால், சக்கரம் மாட்டும் சமயத்தில் மாத்திரம் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கிறேன் என்று சொல்லுங்கள். நல்ல கடையில் இதற்கு மறுப்பு இராது.

சாவி கொடுப்பதற்கு முன்

கடையில் நுழைந்ததும் சில இடங்களில், "மேடம், சார் வரலீங்களா?" என்று கேட்பார்கள். "ஓட்டுகிறவள் வந்திருக்கிறேன், சொல்லுங்கள்" என்று சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டுக் காரியத்துக்கு வாருங்கள்.

முதலில், டயர் மாற்றத்தான் வேண்டுமா என்று பாருங்கள். மெக்கானிக்குகள் 'பட்டன்' என்று சொல்லும் மேடுகளுக்கு நடுவே உள்ள பள்ளங்களில், ஆங்காங்கே சிறு திட்டுப் போல ரப்பர் உயர்ந்திருக்கும். தேய்மானத்தைக் காட்டும் அடையாளம் அது. மேடு அந்தத் திட்டு மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால் டயர் வேலை முடிந்தது என்று அர்த்தம். 1989-ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி இரு சக்கர வண்டியின் டயர் பள்ளம் 0.8 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. மழைக் காலம் வருமுன் மாற்றிவிடுவது உத்தமம்.

அடுத்தபடியாக, பழைய டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். உதாரணமாக, பல ஸ்கூட்டர்களில் '90/100-10 53 ஜே' என்று இருக்கும். டயரின் அகலம் 90 மில்லிமீட்டர். உயரம் அந்த அகலத்தில் நூற்றுக்கு நூறு. சக்கரத்தின் விட்டம் 10 அங்குலம். 53 என்பது அந்த டயர் தாங்கும் பாரத்தின் குறி. 206 கிலோ என்று பொருள். 'ஜே' என்பது மணிக்கு 100 கிலோமீட்டர் வேகம் வரை என்பதைக் குறிக்கும். "இந்த அளவு கையிருப்பில் இல்லை, இதுவும் அது மாதிரிதான்" என்று வேறொன்றை நீட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். உள்பாவாடை நாடாவா, நீளம் கொஞ்சம் முன்பின் இருந்தால் பாதகமில்லை என்று விட?

புது டயரைப் போடுமுன் ஒரு முறை கண்ணால் பாருங்கள். பக்கவாட்டில் ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு எண்கள் இருக்கும். '1225' என்றால், 2025-ஆம் வருஷம் பன்னிரண்டாவது வாரத்தில் தயாரானது. ரப்பர் சும்மா கிடந்தாலும் நாளாக நாளாக இறுகும். பால் பாக்கெட்டில் தேதி பார்க்கிற நமக்கு இது ஒரு பெரிய வித்தையா?

பிறகு ஜாப் கார்டு எழுதுகிறவரிடம் கேட்க வேண்டியவை நான்கு. டயரை இங்கேயே மாற்றுகிறீர்களா, வெளியே அனுப்புகிறீர்களா? ட்யூப் உள்ள டயரானால் ட்யூபும் புதிதுதானா? ட்யூப் இல்லாததானால் வால்வைப் புதிதாகப் போடுவீர்களா? அச்சின் நட்டை டார்க் ரெஞ்சால் முடுக்குவீர்களா? பதில்களை ஜாப் கார்டிலேயே எழுதச் சொல்லுங்கள். எழுதிய வார்த்தைக்கு மதிப்பே தனி.

வண்டியை எடுப்பதற்கு முன்

வேலை முடிந்து வண்டி வாசலுக்கு வந்ததும் உடனே ஏறிவிடாதீர்கள். ஐந்து நிமிஷம் செலவழித்தால் போதும்.

அம்புக் குறி இருக்கிறதா? இருந்தால், வண்டி முன்னால் போகும்போது சக்கரம் சுழலும் திசையில்தான் காட்டுகிறதா என்று பாருங்கள். ரிம்மை ஒட்டி டயரில் மெல்லிய கோடு ஒன்று சுற்றி வரும். கோலத்தின் வட்டக் கோடு போல அது எங்கும் ஒரே அளவாகத் தெரிய வேண்டும். ஓரிடத்தில் உள்ளே அமுங்கியிருந்தால் டயர் சரியாக உட்காரவில்லை.

வண்டியைப் பெரிய ஸ்டாண்டில் நிறுத்திப் பின் சக்கரத்தைக் கையால் சுற்றச் சொல்லுங்கள். பக்கவாட்டில் ஆடக் கூடாது. எங்கும் உரசக் கூடாது. வால்வின் வாயில் ஒரு சொட்டுச் சோப்புத் தண்ணீர் விட்டால், காற்றுக் கசிந்தால் குமிழி வந்து காட்டிக் கொடுத்துவிடும். வால்வுக்கு மூடி இருக்கிறதா என்பதும் முக்கியம். காற்றழுத்தம் வண்டியோடு வந்த புத்தகத்தில் உள்ளபடி இருக்கட்டும். ஒருவர் போக ஓர் அளவும், இருவர் போக ஓர் அளவும் அதில் கொடுத்திருப்பார்கள்.

பிரேக்கை மறக்கவே கூடாது. டிஸ்க் பிரேக் உள்ள சக்கரத்தைக் கழற்றி மாட்டினால், முதல் முறை லீவரை அழுத்தும்போது பிடிக்காமல் போகலாம். நின்ற இடத்திலேயே மூன்று நான்கு முறை அழுத்தி, லீவர் கெட்டியாக நிற்கிறதா என்று பார்த்த பிறகே வண்டியை நகர்த்த வேண்டும். கடை வாசலில் பார்க்காமல் சிக்னலில் போய்ப் பார்க்கிற விஷயமா இது? ஸ்கூட்டராக இருந்தால் இஞ்சினைக் கிளப்பி, சைலன்ஸரில் புதிதாக ஏதாவது சத்தம் கேட்கிறதா என்று கவனியுங்கள். மோட்டார் சைக்கிளானால் செயின் தொங்காமலும் விறைக்காமலும் இருக்கிறதா என்று மெக்கானிக்கை விட்டே காட்டச் சொல்லுங்கள்.

பில்லில் டயரின் பெயர், அளவு, அந்த நான்கு எண் எல்லாம் இருக்கட்டும். பழைய டயரையும் ட்யூபையும் காட்டச் சொல்லிப் பாருங்கள். போட்ட பொருளைப் போலவே கழற்றிய பொருளும் சில விஷயங்களைச் சொல்லும்.

வீட்டுக்குப் போகும் வழியில் நிதானம் அவசியம். புது டயரின் மேல்தோல் வழுவழுவென்றிருக்கும். முதல் 150, 200 கிலோமீட்டர் வரை திருப்பங்களில் வண்டியை அதிகம் சாய்க்காமலும், பிரேக்கைச் சடாரென்று பிடிக்காமலும் ஓட்ட வேண்டும். ஒரு வாரம் கழித்துக் காற்றை மறுபடி பாருங்கள். அடிக்கடி குறைந்தால் வண்டியை உடனே கடைக்குக் கொண்டுபோங்கள்.

இவ்வளவும் கேட்டால் கடைக்காரர் கோபித்துக்கொள்வாரோ என்று சிலருக்குச் சங்கோசம். வேலை தெரிந்த மெக்கானிக் கேள்விக்குக் கோபித்துக்கொள்வதில்லை. சமையலைப் பற்றி ஒருவர் நுணுக்கமாக விசாரித்தால் நல்ல சமையல்காரருக்கு உற்சாகம் பிறக்கிறதல்லவா? அதுபோலத்தான். பதில் சொல்லத் தெரியாதவருக்குத்தான் முகம் கடுக்கும். அதுவும் நல்லதுதான்; சாவியைக் கொடுக்கும் முன்பே நமக்கு விஷயம் தெரிந்துவிடுகிறது.

கேள்வி கேட்பதால் இன்னொரு லாபமும் உண்டு. நாளெல்லாம் வண்டி வண்டியாக வந்துகொண்டிருக்கும் இடத்தில் எந்தக் கைக்கும் அலுப்புத் தட்டும். "நட்டை முடுக்கினீர்களா?" என்று ஒருத்தி கேட்டுவிட்டு எதிரே நின்றால், அந்தக் கை ரெஞ்சை எடுத்து இன்னொரு தரம் முடுக்கிப் பார்க்கும். பின் சீட்டில் நம் குழந்தை உட்காரும் வண்டிக்கு அந்த இன்னொரு தரத்தைக் கேட்டு வாங்க நாம் வெட்கப்பட வேண்டியதில்லை.